கட்டிய பணம் திரும்பி வருமா?

மகளுக்குத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. நகையை அடகு வைத்து ஒரு லட்சம் ரூபாய் கட்டினார் தகப்பனார். பிறகு நடந்த மருத்துவக் கலந்தாய்வில், அந்தப் பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைத்து விட்டது. வீட்டில் பாயசம்!

மறுநாள் அவர் பணத்தைக் கேட்கப் போனார். "கட்டிய பணம் திரும்பாது. ரசீதிலேயே அச்சடித்து இருக்கிறோமே!" என்று பதில் வந்தது. சான்றிதழையும் கொடுக்கவில்லை.

சேர்க்கைக் காலத்தில் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

ரசீதில் அச்சடித்து விட்டால் அது சட்டம் ஆகி விடுமா? ஆகாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு விதி வகுத்தது. சேர்க்கைக்கு என்று அறிவித்த கடைசி நாள்தான் அதில் கணக்கு. அந்த நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு லட்சத்தில் அதிகம் போனால் 5 ஆயிரம்தான் பிடிக்கலாம். அதற்குப் பின், கடைசி நாளுக்குள் விலகினால் 90 ஆயிரம் திரும்ப வர வேண்டும். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80 ஆயிரம். 30 நாள் வரை 50 ஆயிரம். அதன் பிறகு ஒன்றும் இல்லை. முன்பணமாக வாங்கிய டெபாசிட்டை மட்டும் எப்போது விலகினாலும் முழுதாகக் கொடுத்து விட வேண்டும்.

சான்றிதழைச் சரி பார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. நடுவில் ஒருவர் போனால் அந்த இடம் படிப்பு முடியும் வரை காலியாகக் கிடக்கும். ஆனால், அதே இடத்தில் வேறொருவரைச் சேர்த்து, அவரிடமும் பணம் வாங்கிக் கொண்டால்? ஒரே நாற்காலிக்கு இரண்டு டிக்கெட்!

அந்த 30 நாள் கெடுவும் சரி இல்லை. கலந்தாய்வு தள்ளிப் போவது மாணவர் குற்றமா? இதை மானியக் குழுவே உணர்ந்து இருக்கிறது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணம். அக்டோபர் 31-க்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அறிவித்தது. இதை ஆண்டுக்கு ஆண்டு சுற்றறிக்கையாக விடாமல் நிரந்தர விதியாக்க வேண்டும். பணம் கட்டும் ஜன்னலிலேயே தமிழில் எழுதித் தொங்க விடச் செய்ய வேண்டும்.

பணம் தர மறுத்தால் என்ன செய்வது? ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டு ஒழுங்குமுறை. முதலில் அங்கே மனுக் கொடுக்கலாம். அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால், 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். முன்னாள் துணைவேந்தரோ, ஓய்வு பெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார்.

பெற்றோர்கள் வாயால் சொல்லி விட்டு வந்து விடக் கூடாது. விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். பணம் கொடுக்க வேண்டிய 15 நாள், அந்தத் தேதியில் இருந்துதான் ஆரம்பம்.