மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927 என்ற எண்ணைச் சற்றுப் பாருங்கள். இருபத்தொரு இலக்கங்கள். இரண்டை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. இது பகா எண்ணா, பகு எண்ணா?

பாரிஸ் நகரில் வாழ்ந்த மினிம் சபைத் துறவி மெர்சென், 1644இல் வெளியிட்ட நூலில் இதனைப் பகா எண் என்றே எழுதினார். இவ்வாறு இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் எண்களுள் பகா எண்கள் எவை என்று, அடுக்கு 257 வரை அவர் பட்டியல் தந்தார். அதில் 67உம் 257உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின. இதற்காக அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர் துணிந்து எழுதி வைத்ததால்தானே மற்றவர்கள் சோதிக்க முன்வந்தார்கள்!

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ், இது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவர் காணவில்லை! வீட்டுக்குள் திருடன் இருப்பது உறுதி, எந்த அறையில் என்பதுதான் தெரியாது என்பது போன்ற நிலை. அப்படியே இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம் நடந்தது. கோல் என்ற பேராசிரியர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் ஒருபுறம் இவ்வெண்ணைக் கணக்கிட்டார். மறுபுறம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே! அவையோர் கைதட்டினர் என்பர். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். (ஞாயிறு ஓய்வு நாளாயிற்றே என்று நம் சிஸ்டர்கள் கேட்கக்கூடும். அவருக்கு அதுதான் ஓய்வு போலும்!)

இதனால் என்ன பயன் என்று என் தோழி கேட்டாள். நான் சொல்வது இதுதான். நம் விடைத்தாள்களில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. அது லூக்காஸின் தீர்ப்பு: தவறு என்று மட்டும் சொல்லும். எங்கே தவறு என்று தேடுவது கோலின் வேலை. அந்த வேலையை நமக்கு யாரும் தருவதில்லை. மறுநாளே கரும்பலகையில் சரியான விடை வந்துவிடுகிறது. நாமும் பார்த்து எழுதிக்கொள்கிறோம். ஆசிரியைகள் ஒரே ஒரு நாள் பொறுத்து, தவற்றை நாங்களே கண்டுபிடிக்க விட்டால் என்ன?

நானும் அந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தேன். முதல் முறை விடையின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது கடைசியில் 1 வரவேண்டிய இடத்தில் 9 வந்தது. எங்கோ பிழை. அதைத் தேடிப் பிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று; நாலாம் வரியில் மீதி ஒன்றைக் கூட்ட மறந்திருந்தேன். அம்மா இரண்டு முறை சாப்பிட அழைத்தது காதில் விழவேயில்லை.

நீங்களும் பெருக்கிப் பாருங்கள். ஒன்பது இலக்க எண்ணைக் கீழே எழுதுங்கள். அதில் ஒரு பூச்சியம் இருப்பதால் எட்டே வரிகள்தாம். ஏழின் வரி மூன்று முறை வருவதால் அதை ஒருமுறை போட்டால் போதும்.

— பத்தாம் வகுப்பு மாணவி