குவாத்தமாலாவின் பலகாரத் தட்டு



இம்முறை நம் அடுப்படியை விட்டு வெகுதூரம் போகிறோம். மெக்சிக்கோவுக்குத் தெற்கே, மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவுக்கு. அங்கே அன்டிகுவா என்றொரு பழைய நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதுவே தலைநகர். 1773 இல் வந்த பூமியதிர்ச்சி அதை இடித்துப் போட்டது. 1776 இல் தலைநகரை இன்றைய இடத்துக்கு மாற்றினார்கள். இடிந்த தேவாலயங்களும் கன்னியர் மடங்களும் இன்றும் அங்கே நிற்கின்றன. கட்டடங்கள் விழுந்தாலும் அந்த மடங்களின் அடுப்பில் பழகிய பலகாரங்கள் அழியவில்லை. அவை ஊர்ப் பெண்களின் கைக்கு மாறின. 1872 இல் தொடங்கிய ‘டோனா மரியா கோர்டியோ’ என்ற கடை அவற்றுக்கே பெயர் பெற்றது.

அந்தத் தட்டில் என்னென்ன இருக்கும்? பாலையும் சீனியையும் கிளறி இறுக்கி, விரல் அளவில் உருட்டிய பால் இனிப்பு ஒன்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கனியித்தா’, அதாவது ‘குட்டிக் கால்’. தொதல் கிண்டிப் பழகிய கைகளுக்கு அதன் பாடு சொல்லாமலே விளங்கும். அகப்பையை ஒரு நிமிடம் விட்டால் அடிப்பிடித்துவிடும். தேங்காய்ப்பூவைச் சீனிப்பாகில் கிண்டிய ‘கொகாதா’, பாகில் ஊறிய அத்திப்பழம், வற்றாளங்கிழங்கு, கொய்யாப்பழ இனிப்பு, வாதுமையை அரைத்துச் சீனியோடு பிசைந்த ‘மசபான்’ என்று வரிசை நீளும்.

கன்னியாஸ்திரிகள் இந்தக் கைப்பக்குவத்தை ஸ்பெயினிலிருந்து கொண்டு வந்தார்கள். ஸ்பெயினுக்கு யார் கொடுத்தது? இங்கேதான் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். 711 முதல் 1492 இல் கிரனாடா வீழும் வரை அந்தலூஸில் முஸ்லிம்களின் ஆட்சி இருந்தது. கரும்புச் செய்கையை அந்த மண்ணில் பரப்பியவர்கள் அவர்களே. வாதுமையும் சீனியும் சேர்ந்த இனிப்புகளும், எண்ணெயில் பொரித்துத் தேனில் தோய்த்த மாப் பலகாரங்களும் அவர்களுடைய சமையல் ஏடுகளில் இருக்கின்றன. ஸ்பானிய மொழியே அதற்குச் சாட்சி. சீனிக்கு அவர்கள் சொல்லும் ‘அசூக்கார்’ அறபியின் ‘அஸ்ஸுக்கர்’. அரிசிக்குச் சொல்லும் ‘அறோஸ்’ நம் ‘அர்ருஸ்’. பாகைக் குறிக்கும் ‘ஹராபே’ என்ற சொல் ‘ஷராப்’ என்பதிலிருந்து வந்தது. நோன்பு திறக்க நாம் கரைக்கும் சர்பத்தும் அதே வேரில் முளைத்ததுதான். குவாத்தமாலாவில் ஒரு தாய் பாற்சோறு கிண்டியபடி ‘அறோஸ், அசூக்கார்’ என்று சொல்லும்போது, தான் அறபுச் சொல் பேசுகிறோம் என்பதை நினைத்திருக்க மாட்டாள்.

இந்த இனிப்புக்குக் கசப்பான பக்கமும் உண்டு. ஸ்பானியரோடு வந்த கரும்பை ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. பாஹா வெராபாஸ் பகுதியில் சான் ஹெரோனிமோ என்ற இடத்தில் தொமினிக்கன் சபைத் துறவிகள் நடத்திய பெரிய கரும்பாலையில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். பலகார வரலாறு எழுதுகிறவர்கள் மடத்து அடுப்படியைப் பற்றி நிறையச் சொல்லி, இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அதேபோல, எல்லாம் ஸ்பெயினிலிருந்து வந்தது என்பதும் சரியல்ல. அந்த மண்ணின் மாயா மக்களிடம் சோளமும் கொக்கோவும் பூசணி விதையும் அவரை வகைகளும் முன்பே இருந்தன. கொக்கோ விதையைக் காசாகவும் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். இளஞ்சோளத்தை அரைத்து, பாலும் சீனியும் கறுவாவும் விட்டுக் காய்ச்சும் கஞ்சி இன்றும் அங்கே தெருவோரத்தில் கிடைக்கும். பொரித்த வாழைப்பழத் துண்டுகளை, கொக்கோ, வறுத்த எள்ளு, பூசணி விதை, தக்காளி, காய்ந்த மிளகாய் எல்லாம் அரைத்த கறுத்த குழம்பில் இட்டுத் தருவார்கள். இனிப்பில் தக்காளியும் மிளகாயுமா என்று முகம் சுளிக்க வேண்டாம். 2007 இல் அந்நாட்டு அரசு தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த உணவுகளில் இதுவும் ஒன்று.

அவர்கள் சர்க்கரைக் கட்டியைச் சோள மடலில் சுற்றி விற்பார்கள். நவம்பர் முதலாம் திகதி, இறந்தோரை நினைக்கும் நாட்களில், பூசணியை அந்தச் சர்க்கரையிலும் கறுவாவிலும் வேகவைப்பது வழக்கம்.

கறுவா என்றதும் நம் நினைவுக்கு வர வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து நாடுகள் விரும்புவது நம் இலங்கைக் கறுவாவையே. மெக்சிக்கோ பெருமளவில் வாங்குகிறது, குவாத்தமாலாவும் வாங்குகிறது. ஏலத்தின் கதை இதற்கு நேர்மாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் தோட்டக்காரர் ஒருவர் கொபான் பகுதியில் நட்ட ஏலம் பரவி, குவாத்தமாலா உலகின் முதன்மையான ஏல ஏற்றுமதி நாடாகிவிட்டது. அதில் பெரும்பகுதி அறபு நாடுகளுக்குப் போய் கஹ்வாவில் கொதிக்கிறது. ஆனால் அதைப் பறித்து உலர்த்தும் மாயாப் பெண்களின் சொந்தப் பலகாரங்களில் ஏல வாசனை அநேகமாக இல்லை. விற்பதற்கென்றே பயிரிட்ட பொருள், வீட்டு அடுப்புக்கு வரவில்லை.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பேக்கரிப் பண்டங்களில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். ‘பொராச்சோ’ என்ற கேக்கை ரம்மில் ஊறவைப்பார்கள். கேட்காமல் வாங்கக் கூடாது.

நம் வீட்டில் பயமின்றிச் செய்யக்கூடியது ‘ரெயெனித்தோ’. கறிக்குரிய பெரிய வாழையில், தோல் மஞ்சளாகிக் கரும்புள்ளி விழுந்த நான்கு பழங்களை எடுங்கள். அதிகம் கனிந்தால் எண்ணெய் குடிக்கும், கவனம். தோலோடு துண்டாக்கி, ஒரு துண்டுக் கறுவாவோடு அவித்து, தோல் நீக்கிச் சூட்டோடு மசித்துப் பிசையுங்கள். உள்ளே வைக்க அவர்கள் கறுப்பு அவரையைப் பாவிப்பார்கள். நமக்குக் கௌபி போதும். அவித்த கௌபி ஒரு கோப்பையை மசித்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் போட்டு, மூன்று மேசைக்கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை கறுவாத்தூளும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கிளறுங்கள். சிலர் கொஞ்சம் சொக்லட்டும் போடுவார்கள். கையில் எண்ணெய் தடவி, வாழைப்பழ மாவைத் தட்டையாக்கி, நடுவில் ஒரு கரண்டி கௌபி வைத்து மூடி, முட்டை வடிவில் உருட்டிப் பொன்னிறமாகப் பொரியுங்கள். மேலே சீனி தூவி, சூடாகவே கொடுங்கள். ஆறினால் தோல் இறுகிவிடும்.