விண்மீன் சாட்சி!

பொன்னும் இரும்பும் புவியும் வானும் ஒரே மூச்சில் படைக்கப்பட்டன. அன்று அமைந்தவை அமைந்தபடியே இருக்கும். மாற்றம் பேசுவது மடமை என்று ஓதுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்களை நாம் கேட்கிறோம்: டெக்னீசியம் எங்கிருந்து வந்தது?

1952-இல் அமெரிக்க வானியலறிஞர் பால் மெரில், செம்பெரு விண்மீன்கள் சிலவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். டெக்னீசியத்தின் கோடுகள் அதில் தெரிந்தன. நிலையற்ற தனிமம் அது. அதன் நெடுநாள் வாழும் வகையும் ஏறத்தாழ 42 இலட்சம் ஆண்டில் பாதியாகத் தேய்ந்துவிடும். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டுகள்! ஆதியில் அடைத்துவைத்த சரக்கென்றால் அணுவளவும் மிஞ்சியிராதே! விண்மீனே தன் வயிற்றில் அதை ஆக்கிக்கொண்டிருக்கிறது என்பதன்றி வேறு விடை ஏது?

மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வர் 1957-இல் கணக்கை விரித்துரைத்தனர். இரும்பு வரை விண்மீன் உலையில் வெந்து பிறக்கும். அதனினும் கனத்தவை பெரும்பாலும் நியூட்ரான்களை விழுங்கி விழுங்கி வளர்பவை. முதிய விண்மீனில் மெல்ல, பெருங்கொந்தளிப்பில் விரைந்து. அத்தகைய கொந்தளிப்பு ஒன்றை, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்ச்சியை, 2017 ஆகஸ்ட் 17 அன்று கருவிகள் பதிவு செய்தன. அதன் ஒளியில் ஸ்ட்ரான்சியம் இருந்தது 2019-இல் தெளிவாயிற்று.

சி.எஸ். 31082-001 என்றொரு கிழ விண்மீன். பெயரில் பொலிவில்லை, பேச்சில் பொய்யில்லை! கதிரவனில் உள்ள இரும்பில் ஏறக்குறைய 800-இல் ஒரு பங்குதான் அதில் உண்டு. ஆயினும் 2001-இல் அதில் யுரேனியம் கண்டனர். தேய்ந்தது போக எஞ்சியதை அளந்து, வயது சுமார் 1250 கோடி ஆண்டு என்றனர். அந்த யுரேனியம் அதற்கு முன்னே மாண்ட விண்மீன்கள் விட்டுச்சென்ற சொத்து.

தனிமமே மாறுகிறது, தடைவிதி மட்டும் மாறாதாம்! மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் அந்நாளில் பெண்ணுக்குத் தொலைநோக்கி தருவதில்லை. கணிப்பே தொழிலாகக் கொண்ட கணவர் ஜெஃப்ரியின் பெயரில் இசைவு பெற்று, அவருடைய உதவியாளர் என்ற போர்வையில் மலையேறினார் மார்கரெட். கருவியைக் கையாண்டது யார்? உதவியாளரேதான்! ஆண்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. விண்மீன் ஒளி பெண் கண்ணில் பட்டால் கறுத்துவிடுமோ?

1972-இல் இங்கிலாந்தின் கிரீனிச் அரச வானாய்வகத்துக்கு அவர் இயக்குநரானார். 1675 முதல் அப்பதவியோடு ஒட்டியே வந்தது அரச வானியலாளர் என்னும் பட்டம். அவர் அமர்ந்தபோது பட்டத்தைத் தனியே கழற்றி மார்ட்டின் ரைல் என்ற ஆடவருக்குச் சூட்டினார்கள்.