தீப்பொறி வரவில்லையென்றால் அடுப்பையே மாற்ற வேண்டுமா?

"ஆட்டோ இக்னிஷன் எல்லாம் நாலு வருஷத்துக்கு மேல உழைக்காது சார். வயரை வெட்டி விட்டுடறேன். லைட்டர் வச்சுப் பத்த வைங்க." பல வீடுகளில் அடுப்பு மெக்கானிக் சொல்லிவிட்டுப் போகும் வசனம் இது. கொஞ்சம் வசதியான வீடாகத் தெரிந்தால் வசனம் மாறும். "ஹாப்பையே மாத்திடுங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு." இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு ரிலே கெட்டால் ரிலேயை மாற்றுவோம். எக்ஸ்சேஞ்சை மாற்ற மாட்டோம். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. மாற்றுவது பத்து நிமிஷ சமாசாரம். அடுப்பு விஷயத்தில் இந்தக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

அப்படி என்ன பெரிய மர்மம் அதற்குள்? பழைய மாடல் ஆட்டோ அடுப்பில் குமிழைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே ஸ்பிரிங்கில் இழுபட்ட ஒரு குட்டிச் சுத்தியல், பீசோ பீங்கான் துண்டு ஒன்றின் மேல் அடிக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் ஜாக்கும் பியரும் கண்டுபிடித்தது இதைத்தான். அந்த அடியில் கணநேரம் பல ஆயிரம் வோல்ட் உண்டாகி, பர்னர் ஓரத்தில் இருக்கும் கம்பி முனையிலிருந்து பர்னருக்குத் தாவுகிறது. நீங்கள் கையில் பிடித்து 'டிக் டிக்' என்று அடிக்கும் லைட்டரிலும் இதே சங்கதிதான். பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

இப்போது வரும் ஹாப்களில் குமிழை அழுத்தினால் 'டிக்டிக்டிக்' என்று தொடர்ந்து பொறி அடிக்கும். அதற்கு ஒரு சின்ன மாட்யூல் உண்டு. ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டையிலிருந்தோ, வீட்டுக் கரண்டிலிருந்தோ எடுத்து, ஒரு கண்டென்சரில் சேர்த்து வைத்து, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு ஏற்றி விடும். மொத்த உறுப்புகளே நாலுதான். குமிழுக்கு அடியில் ஸ்விட்ச், மாட்யூல், வயர், பீங்கான் உறை போட்ட எலக்ட்ரோடு.

இதில் எது போச்சு என்பதை அடுப்பே சொல்லிவிடும். எல்லா பர்னரிலும் பொறி இல்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி இருக்கிறது என்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஹாப் வைத்திருப்பவர்கள் உண்டு. அடியில் கைவிட்டுத் தடவினால் பெட்டி தட்டுப்படும். புதுக் கட்டை போட்டும், பெட்டியில் பூத்த பச்சையைச் சுரண்டியும் வரவில்லையென்றால் மாட்யூல். ஒரு பர்னரில் மட்டும் இல்லையா? அதன் எலக்ட்ரோடு அல்லது வயர். பல ஹாப்களில் எந்தக் குமிழை அழுத்தினாலும் எல்லா பர்னரிலும் பொறி வரும். அப்படிப்பட்ட ஹாப்பில் ஒரு குமிழை அழுத்தும்போது மட்டும் சத்தமே இல்லையென்றால் அந்தக் குமிழின் ஸ்விட்ச். யாரும் தொடாமலே டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தால், நேற்று அடுப்பைக் கழுவியபோது ஸ்விட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். காய்ந்தால் சரியாகிவிடும்.

இன்னொரு சோதனை. ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து மிச்ச கேஸ் போக விட்டு, இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் குமிழை அழுத்திப் பாருங்கள். நீலப் பொறி முனையில் வராமல் பீங்கானின் நடுவில் வந்தால் பீங்கானில் கீறல். எலக்ட்ரோடை மாற்ற வேண்டும். முனைக்கும் பர்னருக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பொங்கலன்று பால் பொங்கினால் விசேஷம். மற்ற நாளில் பொங்கினால் அந்தக் கரி எலக்ட்ரோடில்தான் படியும். பழைய டூத் பிரஷ் போதும்.

என் தங்கை வீட்டு ஹாப்புக்கு வந்தவர் பேட்டரிப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "இந்த மாடல் ஸ்பேர் வர்றதில்ல" என்று சொல்லி, புது ஹாப்பின் விலைப்பட்டியலை நீட்டினார். கடைசியில் கெட்டிருந்தது ஒரே ஒரு எலக்ட்ரோடு. பழைய அடுப்பு பாகங்கள் விற்கும் கடையில் அளவு பார்த்து வாங்கினோம். சில நூறு ரூபாயில் முடிந்தது. புது ஹாப் என்றால் அவளுடைய ஒரு மாதப் பென்ஷனில் பாதி.

"கேஸ் சமாசாரம் சார், ஆபத்து" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். வால்வு, ஜெட், டியூப் பக்கம் நாம் கை வைக்கக் கூடாது. அது பயிற்சி பெற்றவர் வேலை. கரண்டில் ஓடும் மாடலென்றால் பிளக்கைப் பிடுங்காமல் எதையும் கழற்றக் கூடாது. ஆனால் வயரை வெட்டிவிட்டுப் போவது எந்த வகையில் பாதுகாப்பு? எழுபது வயது அம்மா குமிழைத் திருப்பிவிட்டு லைட்டர் எங்கே என்று தேடுகிறார். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தங்கும். பிறகு வைக்கும் நெருப்பு எங்கே பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருப்பிய கையோடு பொறி வருவதற்குத்தான் அந்த ஏற்பாடே. அதை ஏதோ ஆடம்பரம் மாதிரி வெட்டி எறிகிறார்கள்.

வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளமே தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். ஆனால் தளம் இருந்தால் மட்டும் பாகம் கடைக்கு வந்துவிடாது. அடுத்த முறை ஹாப் வாங்கும்போது கண்ணாடி பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாட்யூலும் எலக்ட்ரோடும் தனியாகக் கிடைக்குமா? என்ன விலை?" பதில் வரவில்லையென்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பத்துப் பேர் அப்படி நடந்தால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.