அறுபது ஆண்டு கடந்த தமிழ்ப் படங்களைப் பொதுவில் வைக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு துறைச் செயலாளர் அவர்கள்.

பார்வை: சங்கத்தின் முந்தைய கடிதங்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

ஐயா,

மனுதாரர், பழைய படங்களைத் திரையிட்டு விவாதிக்கும் பதிவு பெற்ற திரைப்படச் சங்கம்.

ஸ்டிரீமிங் தளங்களில் பழைய தமிழ்ப் படங்கள் அரிதாகவே கிடைப்பதைச் சங்கத்தின் முதல் கடிதம் சுட்டியது. 'தனியார் தளங்களின் வணிக முடிவில் துறை தலையிட இயலாது' என்று பதில் வந்தது. தலையிடும்படி அக்கடிதத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. அதை விளக்கி எழுதிய அடுத்த கடிதத்துக்கு, 'உரிமைச் சிக்கல் உள்ளது' என்று ஒற்றை வரி. அதன்பின் எழுதியவை 'தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளன'. யாருக்கு அனுப்பப்பட்டன என்பது இன்றுவரை சங்கத்துக்குத் தெரியாது. ஆகவே அந்த ஒற்றை வரியையே இம்மனு எடுத்துக்கொள்கிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 26: திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். முந்தைய கடிதங்களிலும் இதே பிரிவு அடிக்கோடிட்டே காட்டப்பட்டிருந்தது. இதன்படி, மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) மீதான உரிமை 2004 முடிவில் தீர்ந்தது. 'சந்திரலேகா' (1948) 2008இல். 'பராசக்தி' (1952) 2012இல். பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' (1954) 2014இல். 'கர்ணன்' (1964) 2024 டிசம்பர் 31இல். கதை, பாடல் உரிமைகள் தனி என்பதைச் சங்கம் அறியும். அவற்றுக்கு உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நாளிதழில் அறிவித்து, விண்ணப்பித்து, குறித்த தொகையைக் கட்டி உரிமம் பெறப் பிரிவு 31ஏ இடம் தருகிறது. வெளியான படைப்புகளுக்கும் அதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் விரிவாக்கியது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை, நிற்பது பிரதி. உரிமை தீர்ந்தாலும், நெகட்டிவ் யார் கையிலோ அவரிடம்தான் படம். டிஜிட்டல் வந்து லேப்கள் மூடப்பட்டபின் டப்பாக்கள் கிடங்குக்குக் கிடங்கு மாறின. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டால், டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி முகத்தில் அடிக்கும். சுருங்கி நெளிந்த ரீல் ஸ்கேனரில் ஓடாது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சிய பல படங்கள் யூடியூபில் படும் பாட்டைத் துறை அதிகாரி எவராவது ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம்: மூலையில் ஏதோ தொலைக்காட்சியின் முத்திரை, அகலத் திரைக்காக இழுத்ததில் பருத்துப்போன முகங்கள், பாதியில் அறுந்த பாட்டு.

அரசுக்கு இது பழகிய வேலைதான். பாரதி படைப்புகள் 1949இல் நாட்டுடைமையாயின. அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன், அதை ஈடு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையாயின. அதனால் 'தியாகபூமி' நாவலை இன்று எவரும் இணையத்தில் காசின்றிப் படிக்கலாம். கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' படம் வந்தது 1939இல். ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. தடை போய் இத்தனை காலமாகியும், நல்ல பிரதி பொதுமக்கள் கைக்கு எட்டவில்லை. கேரள அரசோ 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று சொந்த ஸ்டிரீமிங் தளமே தொடங்கிவிட்டது.

ஆகவே, பிரிவு 26இன்படி உரிமை தீர்ந்த தமிழ்ப் படங்களின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். நூலாசிரியர்களின் வாரிசுகளுக்குத் தருவதுபோல், நெகட்டிவ் வைத்திருப்போருக்கும் பரிவுத்தொகை தந்து, ஸ்கேன் செய்ய இசைவு பெற வேண்டும். நெகட்டிவைப் பறிக்கச் சொல்லவில்லை; அது அவர்களிடமே இருக்கட்டும். ஸ்கேன் செய்த படங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்கள் இருப்பதுபோல், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பார்க்க ஆளில்லை என்று கோப்பில் எழுதவும் இடமில்லை: மெருகேற்றிய 'கர்ணன்' 2012இல் திரையரங்குகளில் 100 நாளைத் தாண்டி ஓடியது.

  

இம்முறையும் 'உரிமைச் சிக்கல்' என்றே பதில் எழுத நேர்ந்தால், எந்தப் படத்துக்கு, யாருடைய உரிமை, எந்தப் பிரிவின்படி என்பதையும் சேர்த்தே குறிப்பிடுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்