பார்க்க வந்தது ஒருவனை!

அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பி கொண்டு வந்த தங்கையைப் பிடித்துப்போய்த் தாம்பூலம் மாற்றிக்கொண்ட கதை சில குடும்பங்களில் உண்டு. அமெரிக்காவில் பந்தாட்டக்காரன் ஒருவனுக்கும் இப்படித்தான் யோகம் அடித்தது.

2002-ஆம் வருஷம். வட கலிபோர்னியாவில் பியூட் காலேஜ் என்று இரண்டு வருஷப் படிப்புள்ள கல்லூரி. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் கோச் ஜெஃப் டெட்ஃபோர்டு, அங்கே காரெட் கிராஸ் என்ற ஆட்டக்காரன் மீது கண் வைத்திருந்தார். பந்தைப் பிடிப்பது கிராஸின் வேலை. சரி, இவனுக்குப் பந்தை எறிந்து கொடுக்கிறானே, அவன் யார்?

அவன்தான் ஆரன் ராஜர்ஸ். சிகோ நகரத்தில் ஹைஸ்கூல் முடித்தவன். அப்போது அவன் உயரம் சுமார் 5 அடி 10 அங்குலம், உடம்பும் ஒல்லி. பெரிய சர்வகலாசாலை எதுவும் உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. டெட்ஃபோர்டு அவனை அழைத்துக்கொண்டார். கிராஸையும் விட்டுவிடவில்லை!

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து பொதுவாக எதிராளிக்குப் போய்விடும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் என்பவன் கையில். மலைபோன்ற ஆசாமிகள் அவனைக் கீழே தள்ளப் பாய்ந்து வருவார்கள். தன் ஆள் எங்கே ஓடுகிறான், எதிரி யாரை மறித்திருக்கிறான் என்று பார்த்து, இரண்டு மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். லேசான வேலையா?

இப்படிப்பட்டவனைப் பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடிக்கக் கல்லூரிக் கோச்சுகள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஆட்டங்களின் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். உயரம், எடை எல்லாவற்றுக்கும் கணக்கு. ஓட்டலுக்குத் தருவதுபோல் பையன்களுக்கு 5 நட்சத்திரம் வரை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் கோச் வீடு தேடி வந்து, அப்பா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார். பெண் பார்க்கும் படலமேதான்!

பையன் வீட்டாருக்கு இது விளையாட்டல்ல. செலவில்லாமல் படிப்புக் கிடைக்கும். 2021 முதல், பையன் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது.

இவ்வளவு அளந்தும் ஏன் தவறுகிறது? அளக்கப்படுகிறவனுக்கு வயது 17 தான். இன்னும் வளர்கிற பிள்ளை. பத்து தடவை மண்ணைக் கவ்வியவன், பதினோராவது தடவை பதறாமல் எறிவானா என்பது எந்த நாடாவிலும் தெரியாது.

ஜாஷ் ஆலன் என்பவர் கதையும் இதேதான். கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஹைஸ்கூல் முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. ரீட்லி காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து, 'என் ஆட்டத்தைப் பாருங்கள்' என்று நாடெங்கும் கோச்சுகளுக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் வயோமிங் சர்வகலாசாலை இடம் கொடுத்தது. இன்று அவர் உயரம் 6 அடி 5 அங்குலம்! 2018-இல் தொழில் முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ஏழாவதாக எடுக்கப்பட்டார். 2024-ஆம் வருஷப் பந்தயங்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே. ராஜர்ஸோ அதே விருதை 4 தடவை வாங்கிவிட்டார்.

இருவரையும் கண்டுபிடித்த கோச்சுகளுக்குப் பாராட்டு உண்டு. எனக்கென்னவோ அந்த இரண்டு சின்னக் கல்லூரிகளுக்குத்தான் மாலை போடத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரிகள் ஆட்டத்துக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை. ஹைஸ்கூல் முடித்தவன் யாராயிருந்தாலும் வாசல் திறந்திருக்கும். பெரியவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்ட பையனுக்கு ஒரு மைதானமும், ஒரு பந்தும், வளர்வதற்குக் கொஞ்சம் அவகாசமும் அங்கே கிடைத்தன. அந்த வாசலும் சாத்தியிருந்தால், டெட்ஃபோர்டின் கண் எவ்வளவு கூர்மையாயிருந்து என்ன பிரயோசனம்?

தங்கையும் கூடத்துக்கு வர முடிந்தது. அதனால்தானே வந்தவர்கள் கண்ணில் பட்டாள்!