ஆற்றங்கரைக்கு வாங்க, ஆத்துக்குள்ள இறங்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவுதான். காவடி, பால்குடம் எடுக்கிறவங்க வீட்டுல இருந்தா பொறுமையா முழுசா படிச்சிடுங்க.

தைப்பூசம் நெருங்கினாலே எங்க தொண்டூழியர் குழுவுக்குத் தவறாம வர்ற கேள்வி இது: "பத்துமலை ஆத்துல ஒரே கூட்டம், தண்ணியும் கலங்கலா இருக்கு. அங்க வந்துதான் குளிக்கணுமா? வீட்டுலயே தலைக்கு ஊத்திக்கிட்டு நேரா கோயிலுக்கு வந்துடலாமா?" பிரிக்ஃபீல்ட்ஸ்லேருந்தும் கேக்குறாங்க, கிள்ளான்லேருந்தும் கேக்குறாங்க. இன்னொரு பக்கம் பெரியவங்க சிலர், "ஆத்துல முழுகாம எடுக்கிற காவடி என்ன காவடி?"ன்னு வருத்தப்படுறாங்க.

ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. எங்க கருத்தை முதல்லயே சொல்லிடுறோம். நேர்த்திக்கடன் உள்ளவங்க ஆற்றங்கரைக்குக் கட்டாயம் வரணும். ஆனா ஆத்துக்குள்ள இறங்க வேண்டியதில்ல. நேர்த்திக்கடன் இல்லாதவங்க அன்னைக்கு ஒரு நாள் கரையை விட்டுக் கொடுக்கணும்.

ஏன் கரைக்கு வரணும்? மலாயில 'பத்து'ன்னா கல். பக்கத்துல ஓடுற சுங்கை பத்து ஆத்தோட பேர்தான் இந்த மலைக்கும் வந்திருக்கு. 1891ல் கே. தம்புசாமி பிள்ளை இங்க முருகனுக்குக் கோயில் அமைச்சார். அடுத்த வருஷத்துலேருந்து இங்க தைப்பூசம் நடக்குது. இன்னைக்கு நாம ஏறுற காங்கிரீட் படிக்கட்டு வந்தது 1940ல். 42.7 மீட்டர் முருகன் சிலை வந்தது 2006ல். இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஆறு இங்க ஓடிக்கிட்டிருந்தது. விரதம் இருந்து வந்தவங்க குளிச்சு, காவடிக்குப் பூஜை போட்டு, அலகு குத்தி, அரோகரா சொல்லிப் புறப்படுற இடம் அந்தக் கரைதான். 272 படிங்கிறது பயணத்தோட கடைசிப் பகுதி. பயணம் தொடங்குறது ஆத்தங்கரையில.

வீட்டுல குளிச்சிட்டு வந்தா உடம்பு சுத்தமாகிடும், அதுல சந்தேகமில்ல. ஆனா பல நாள் விரதம் இருந்தவருக்கு, குடும்பமும் குருசாமியும் சுத்தி நிக்க, தலையில தண்ணி விழுற அந்த நிமிஷத்துலதான் மனசு காவடிக்குத் தயாராகுது. கார்லேருந்து இறங்கி நேரா காவடியைத் தோள்ல வைக்கிறவங்களையும் நாங்க பார்க்குறோம், கரையில பத்து நிமிஷம் அமைதியா நின்னு எடுக்கிறவங்களையும் பார்க்குறோம். நடையிலயே வித்தியாசம் தெரியும்.

சரி, அப்போ ஏன் ஆத்துக்குள்ள இறங்க வேண்டாம்னு சொல்றோம்?

சுங்கை பத்து இன்னைக்குக் காட்டு ஓடை இல்ல. மேல பத்து அணைக்கட்டு இருக்கு. அதைத் தாண்டிக் கீழ வரும்போது வீடு, கடை, பட்டறை, சாலைன்னு எல்லாத்தோட கழிவும் மழைநீரும் சேர்ந்துதான் வருது. நகரத்து ஆத்துல எலிக்காய்ச்சல் பயம் எப்பவும் உண்டு. நம்ம ஊர்ல கென்சிங் தீக்குஸ்னு சொல்றது அதைத்தான். எலியோட சிறுநீர் கலந்த தண்ணி, கால் வெடிப்பு, சின்னக் காயம், கண், மூக்கு, வாய் வழியா உள்ள போனாலே தொத்தும். வெறுங்கால்ல நடக்கிறவங்க, பல நாள் விரதத்துல உடம்பு தளர்ந்தவங்க, அலகு எடுத்த காயத்தோட இருக்கிறவங்க, இவங்க எல்லாரும் கூடுற இடம் இது. யோசிச்சுப் பாருங்க.

முக்கியமா ஒண்ணு. இந்தக் காய்ச்சல் மறுநாளே வராது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வரும், சில பேருக்கு ஒரு மாசம் வரைக்கும் ஆகலாம். அதுக்குள்ள தைப்பூசமே மறந்து போயிருக்கும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா 'காவடி தூக்கின அசதி'ன்னு வீட்டுல படுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட போய், "ஆத்துத் தண்ணி பட்டுச்சு"ன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. நேரத்தோட பார்த்தா மருந்துல குணமாகும். விட்டுட்டா சிறுநீரகம், கல்லீரல் வரைக்கும் போகும்.

அதனாலதான் கரையில இருக்கிற குழாய்த் தண்ணியில குளிங்கன்னு சொல்றோம். "குழாய்த் தண்ணி தீர்த்தமாகுமா?"ன்னு கேக்குற பெரியவங்களுக்குப் பணிவோட ஒரு விஷயம் சொல்றோம். ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம் இருக்கு. யாரும் கிணத்துக்குள்ள குதிச்சு முழுகுறதில்ல. வாளியில மொண்டு தலையில ஊத்துறாங்க. அது தீர்த்தமாடுறது இல்லன்னு யாராவது சொல்லுவோமா? தலையில ஊத்திக்கிறதும் நம்ம மரபுதான். இன்னொண்ணு, கிள்ளான் பள்ளத்தாக்குல நம்ம வீட்டுக் குழாயில வர்ற தண்ணியும் ஆத்துத் தண்ணிதான். அணையில தேக்கி, சுத்திகரிச்சு அனுப்புறாங்க, அவ்வளவுதான். சங்கல்பத்தோட தலையில ஊத்திக்கிட்டா முருகன் ஏத்துக்குவான்.

அடுத்தது கூட்டம். கூட்டத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் "வரவே வேண்டாம்"னு முடிவு பண்றாங்க. நாங்க வருஷா வருஷம் கவனிக்கிறது இது: கரையில நிக்கிற எல்லாரும் காவடி எடுக்கிறவங்க இல்ல. ஒருத்தருக்கு நேர்த்திக்கடன், கூட வந்தவங்க ஒரு வேன் நிறைய. அவங்களும் குளிக்கிறாங்க, பிள்ளைங்க தண்ணியில விளையாடுது, இன்னும் நாலு பேர் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கிறாங்க. பால்குடம் எடுக்க வந்த அம்மா ஈரப் புடவையோட இடம் கிடைக்காம ஓரமா நிக்கிறாங்க. அந்த அம்மாவுக்குத்தான் அந்தக் கரை. மத்தவங்க ஒதுங்கினாலே கூட்டம் பெருமளவு குறைஞ்சிடும்.

நாளையும் கொஞ்சம் யோசிங்க. தைப்பூசத்தன்னைக்கே எடுத்தாதான் பலன்னு ஒண்ணும் கிடையாது. பூசத்துக்கு முந்தின வாரங்கள்லயே நிறையப் பேர் காவடி செலுத்துறாங்க. வயசானவங்க, கைக்குழந்தை உள்ளவங்க, உடம்பு முடியாதவங்க அப்படி ஒரு நாளைக் குறிச்சுக்கிட்டா கரையும் அமைதியா கிடைக்கும், படியும் நெரிசலில்லாம ஏறலாம். எந்த நாள்னாலும் காரைத் தவிர்த்துடுங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்காரங்களுக்கு கே.எல். சென்ட்ரல்லேருந்து கே.டி.எம். ரயில் நேரா கோயில் வாசல் வரைக்கும் வருது. கிள்ளான்லேருந்து வர்றவங்க ஒரு இடத்துல மாறினா போதும்.

இந்த வருஷம் கரைக்கு வர்றவங்ககிட்ட நாங்க கேட்டுக்கிறது:

1. ஒரு காவடிக்கு, ஒரு பால்குடத்துக்குத் துணையா ரெண்டு மூணு பேர் போதும். மத்த உறவுக்காரங்க கோயில் வளாகத்துல காத்திருங்க.

2. சோப்பு, ஷாம்பூ எல்லாம் வீட்டோட இருக்கட்டும். வீட்டுல நல்லா குளிச்சிட்டு வாங்க. இங்க தலைக்கு ஊத்திக்கிட்டு அடுத்தவங்களுக்கு வழி விடுங்க.

3. குளிக்கிற இடத்துல ஃபோனை உள்ள வைங்க. பெண்கள் ஈரத்துணியோட நிக்கிற இடம் அது. வீடியோ வேணும்னா காவடி கிளம்பின பிறகு எடுத்துக்கலாம்.

4. பழைய துணி, மாலை, எலுமிச்சம்பழம், சூடம் வாங்கின பிளாஸ்டிக் பை எதையும் ஆத்துல விடாதீங்க. ஒரு பை கொண்டு வந்து அதுலயே கட்டி எடுத்துட்டுப் போங்க.

5. அலகு எடுத்த பிறகு ஆத்துத் தண்ணியில காயத்தைக் கழுவாதீங்க. மழை பெய்ஞ்சா, மேல வானம் இருட்டிக்கிட்டு வந்தா, தண்ணிப் பக்கமே போகாதீங்க.

ஆத்துல குளிச்சே ஆகணும், பிள்ளைங்க ஆசைப்படுதுன்னு சொல்ற குடும்பங்கள் தரிசனம் முடிச்சிட்டு ரவாங் போற வழியில கஞ்சிங் நீர்வீழ்ச்சிக்குப் போறாங்க. ஏழு அடுக்கா விழுற அழகான இடம். நாங்களும் போவோம். ஆனா சனி ஞாயிறு கூட்டத்துல தண்ணியை விட தலைதான் அதிகம் தெரியும், குரங்கு வேற சாப்பாட்டுப் பையைப் பிடுங்கும். வேலை நாள்ல காலையில போங்க. மேல மழை பெய்ஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே திடீர்னு வெள்ளம் வரும். மலாயில 'கெப்பாலா ஆயிர்'னு சொல்றது இதைத்தான். 2023 ஜூலையில திரங்கானு, கெமாமான்ல ஜெராம் ஆயிர் பூத்தேவுல ஒரே குடும்பத்துல 10 பேரை அது கொண்டு போச்சு. 2024 மே மாசம் தமிழ்நாட்டுல பழைய குற்றாலத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் போனதும் இப்படி வந்த வெள்ளத்துலதான். தண்ணி திடீர்னு கலங்கினா, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தா, இரைச்சல் கூடினா, பையையும் செருப்பையும் விட்டுட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறிடுங்க.

கடைசியா, எங்களுக்கு இருக்கிற ஆதங்கத்தையும் சொல்லிடுறோம். ஆத்துக்குள்ள இறங்காதீங்கன்னு எழுதுறது எங்களுக்குச் சந்தோஷமான வேலை இல்ல. தீர்த்தம்னு கும்பிடுற தண்ணியில கால் வைக்கப் பயப்படுற நிலைமைக்கு வந்துட்டோம். மேலேருந்து வர்ற கழிவை நம்மால மட்டும் நிறுத்த முடியாது. ஆனா தைப்பூசத்துக்கு மறுநாள் கரையில கிடக்குற மாலையும் துணியும் பாட்டிலும் நாம போட்டது. அதுக்கு நாமதான் பொறுப்பு. மறுநாள் காலையில கரையைச் சுத்தம் பண்ண எங்க குழு இறங்கும். காவடி எடுத்த குடும்பத்துலேருந்து ஒருத்தர், ஒரு மணி நேரம் கையுறையோட வந்தா போதும். அதையும் நேர்த்திக்கடனோட ஒரு பகுதியா நினைச்சுக்கோங்க. வர விருப்பம் உள்ளவங்க கீழ பேரைப் போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!